தோட்டத்துக்குப் போட்ட ஆளு

ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு கன்னியப்பா. கிளச்ச உடுய்யா மொதல்ல. சத்தம் கேட்டுச்சா? டில்லரு பிளேடுல இரும்பு மாட்டிக்கினு கீது. நா அப்பவே இன்னா சொன்னேன்? பின்னால ஆழம் வெக்கற கம்பிய ஒரு ஓட்ட மாத்திப் போடு, அர சாணுக்கு மேல எறக்காதன்னு சொன்னேனா இல்லியா? கேட்டாத்தான. இது இன்னா உங்க கரையான்சாவடி வயலா? கம்பெனி மண்ணுப்பா இது. மேல நாலு வெரக்கட செம்மண்ணு, அதுவும் லாரில கொண்டாந்து கொட்னது. அதுக்குக் கீழ பூரா ஸ்க்ராப்பு. லேத்துல கடஞ்சு போட்ட சுருளு, ஒடஞ்ச கிரைண்டிங் வீலு, ஆயில் துணி, எல்லாத்தையும் இங்கதான பொதச்சானுங்க. நீயே எத்தினி தபா தள்ளுவண்டில கொண்டாந்து கொட்டிக்கீற. மறந்துட்டியா?

இரு இரு, கைய உட்டு இழுக்காத, அறுத்துடும். அந்தக் கொறட்ட இப்பிடிக் குடு. சுருளு அச்சுல சுத்திக்கிச்சுன்னா வெட்டி வெட்டித்தான் எடுக்கணும். ஆங், அப்பிடிப் புடிச்சுக்கோ. நல்ல மிஷினுதான் இது. ஆளு இடுப்பு ஒசரங்கூட இல்ல, என்னமா மண்ணக் கிளறுது. பெரிய டில்லரு கொண்டாந்திருந்தா இந்த எடத்துல திரும்பவே முடியாது, பைப் லைனு வேற போவுது.

காலைல கேட்டுக்குள்ள வந்ததுலேந்து நானே பேசிக்கினு கீறேன். தோட்டக் கான்ட்ராக்டரு சின்ன டில்லரோட ஆள் அனுப்பறாரு, கூட நின்னு எடத்தக் காட்டு தங்கவேலுன்னு நேத்து சொன்னாங்க. சரி, யாரோ வருவான்னு நெனச்சேன். டெம்போலேந்து மிஷின எறக்கறது பாத்தா நீ. நாலாம் நம்பர் கிரைண்டிங் மிஷின்ல பன்னெண்டு வருஷம் நின்ன ஆளு. அந்த வாட்ச்மேன் உன் சட்டப் பாக்கெட்டத் தடவிப் பாக்கறான், விசிட்டர் பாஸு எழுதி உன் கையில குடுக்கறான். நேத்து வந்த பய அவன். எனக்கு வயிறு எரிஞ்சிச்சு, சத்தியமா சொல்றேன்.

இன்னா சிரிக்கிற? நெசமாத்தான்யா.

சரி, சுருளு வந்துடுச்சு. இத்த அந்த டப்பால போடு. இன்னும் வரும், இன்னிக்கி ஒரு டப்பா ரொம்பும். இந்தா பாரு, இத்த இன்னான்னு தெரியுதா? நம்ம கிரைண்டிங் மிஷினோட காந்தப் பலகைதான். ஸ்க்ராப்புல போட்டாங்க, கயிறு கட்டி எடுத்து வெச்சிக்கீறேன். ஒரு தபா டில்லரு ஓட்டிட்டு இத்த மண்ணு மேல இழுத்துகினே போனா, கீற இரும்பு மொத்தமும் மீசையாட்டம் ஒட்டிக்கினு வரும். எந்த ஊர்லனா காந்தத்த வெச்சிக்கினு தோட்ட வேல செய்வானா? நா செய்றேன். ஒம்போது வருஷமா செய்றேன்.

மண்ணப் புடிச்சுப் பாரு. உருண்ட புடி, அப்பால ஒரு வெரலால குத்து. ஒடையுதா? அப்ப ஓட்டலாம். ஒடையாம கொழகொழன்னு இருந்தா ஓட்டக் கூடாது, காஞ்சா கல்லாட்டம் ஆயிடும். முந்தாநாளே தண்ணி உட்டு ரெடி பண்ணி வெச்சேன். மொதல்ல நெட்டுக்கா ஒரு ஓட்டு. காந்தம் இழுக்கறோம். அப்பால எருவு, வேப்பம் புண்ணாக்கு. மறுபடி குறுக்கால ஒரு ஓட்டு. கைய அழுத்தித் தள்ளாத, மிஷினு தானா போவும், நீ புடிச்சுக்கினு பின்னாலயே நட, போதும். நட்டு முடிச்சப்பால மூடாக்கு. இருவதாந்தேதி ஜப்பான்காரன் வரான்ல, அவன் கார்லேந்து எறங்கி ஆபீசு போற வரைக்கும் ரெண்டு பக்கமும் பச்சப்பசேல்னு இருக்கணுமாம். மிஷின் ஷாப்புல கூரை ஒழுவுது, அத்தப் பாக்க நாதி இல்ல.

மூடாக்கு போடறதுல நா படாத பாடா? மொத வருஷம் ஒண்ணுந் தெரியாது எனக்கு. பேக்கிங் செக்ஷன்ல மரத்தூளு மலையாட்டம் கெடந்துச்சு, அள்ளியாந்து கொட்னேன். ரெண்டே வாரத்துல செடியெல்லாம் மஞ்சளாப் பூட்ச்சி. பச்ச மரத்தூளு மண்ணுல கீற சத்தையே தின்னுடுமாம், எவன் சொன்னான் எனக்கு? அப்பால கரும்புச் சக்க. ஸ்டேஷனண்ட ஜூஸ் கடைலேந்து ஓசில கொண்டாந்தேன். எறும்புன்னா எறும்பு, ஆபீசு வரைக்கும் வரிசை கட்டிக்கினு போவுது. எம்.டி. சாரோட பேண்டுல ஏறி எனக்கு மெமோ. எறும்புக்கு எனக்கு மெமோ குடுத்தானுங்க கன்னியப்பா! இப்ப மிஷினுங்க பெட்டில வருதுல்ல, அதுல அடைச்சு வர வைக்கோலும் கல்லக்காத் தோலும் கலந்து போடறேன். தண்டுலேந்து ஒரு சாண் தள்ளிப் போடணும், இல்லன்னா அழுவிடும். போட்டுட்டா அப்பால வெயிலு மண்ணத் தொடாது, களையும் மொளைக்காது.

இதெல்லாம் நா ஆசையாக் கத்துக்கினேன்னு நெனைக்காத. எனக்கு மண்ணுன்னாவே ஆவாது. எங்கப்பன் சின்னசாமிய உனக்குத் தெரியாது, நீ பாத்ததில்ல. பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழ அடுத்தவன் நெலத்துல கூலிக்கு வெட்னவன். சாவறப்பகூட அவன் கால் நகத்துல சேறு கீது, சாவுல குளிப்பாட்றவன் குச்சிய வெச்சு நோண்டறான். அன்னிக்கி நெனச்சேன், என் காலு மண்ணுல படக்கூடாதுன்னு. ஐ.டி.ஐ. படிச்சேன். எங்க வம்சத்துல மொத மொத ஷூ போட்டவன் நாந்தான். கைல கிரீசு ஒட்டிக்கினு ஊட்டுக்குப் போனா எங்கம்மா அத்த மோந்து பாக்கும்யா. பெருமை அதுக்கு.

அப்பிடிப்பட்டவன்யா நானு. மண்வெட்டியக் குடுத்து தோட்டத்துக்குப் போட்டானுங்க.

ஆமா, பரந்தாமன்தான். அப்ப பெர்சனல் மேனேஜரு, இப்ப ஜி.எம்மு. இன்னும் குண்டாயிட்டான். ஸ்ட்ரைக்கு முடிஞ்சு உள்ள வந்த அன்னிக்கே ஆர்டரு. உங்க ஆளுங்களுக்கு மண்ணு வேல பழக்கந்தானப்பான்னானாம். செக்ஷனே கொதிச்சுச்சு. நீங்க ஏழு பேரு டிஸ்மிஸ் ஆயி வெளிய நின்னுகினு கீறீங்க, உள்ள இருக்கறவனுங்களுக்கு என்னப் பாத்தாத்தான் ஆத்திரம். அடுத்த கேட் மீட்டிங்குல உத்தமன் எனக்கு மால போட்டாரு தெரியுமா? சங்கத் தலைவரு, அவரு போட வேண்டியதா எனக்கு? மண்ணுக்குத் தள்ளப்பட்ட தோழர் தங்கவேலுன்னு மைக்குல சொன்னாரு. கை தட்டுனாங்க. இப்பவும் கேன்டீனுக்குப் போனா வரிசைல நிக்க உடமாட்டானுங்க, மொத டீ எனக்குத்தான். ஒம்போது வருஷமா மொத டீ. அந்த டீ தொண்டைல எறங்குமா? எறங்காது. குடிச்சுத்தான் ஆவணும், எல்லாம் பாத்துக்கினு கீறானுங்களே.

பீடி பத்த வைக்காத இங்க, பெட்ரோல் டேங்கு தெறந்து கீது. அந்தாண்ட வா, தண்ணித் தொட்டியண்ட குந்தலாம். வெயிலும் ஏறிப் பூட்ச்சி.

எனக்குத் தெரியும் கன்னியப்பா. நீ இங்க சும்மா டில்லரு ஓட்ட வரல. அந்தக் கான்ட்ராக்டருக்கு ஆயிரம் எடத்துல வேல கீது, நீ கேட்டு வாங்கிக்கினு இங்க வந்துக்கீற. ஏன்னா ஊட்டுக்கு வந்தா நா இல்லன்னு நாகவல்லி சொல்லுவா. நாலு தபா வந்தியாமே. நாலு தபாவும் நா உள்ளதான் இருந்தேன். கட்டில்ல குந்திக்கினு உன் செருப்புச் சத்தத்தக் கேட்டுக்கினுதான் இருந்தேன். எம் பொண்டாட்டிக்கே வெக்கமாப் போயி, கடைசித் தபா நீ போனப்பால எனக்கு சோறு போடல அவ.

வியாழக்கெழம சாட்சி. தெரியும். உன் வக்கீலு இதான் கடைசி வாய்தான்னு சொல்லிட்டாரு, அதுவும் தெரியும். நா கூண்டுல ஏறி ஒரே ஒரு வார்த்த சொல்லணும். அன்னிக்கி கன்னியப்பன் கம்பெனிக்கே வரல, அவன் டைம் கார்டையும் நாந்தான் அடிச்சேன்னு. அவ்ளோதான. அத்தச் சொன்னா உனக்கு மறுபடி வேல வரும். சொல்லலன்னா ஒம்போது வருஷமும் தண்ணில போன மாதிரி.

ஒரு வார்த்ததான்யா. நா இல்லன்னு சொல்லலியே.

எல்லாம் நாபகம் கீது எனக்கு. எண்பத்தாறு, வைகாசி மாசம். உம் பொண்ணுக்கு திருவேற்காட்டுல மொட்ட, காது குத்து. உனக்கு லீவு இல்ல, போன மாசமே எல்லாத்தையும் எடுத்து முடிச்சுட்ட. முந்துன நாளு சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டுல வந்து, தங்கவேலு, நாளைக்கி என்னுத போட்டுடுன்னு சொன்ன. அதுல இன்னா கீது? எல்லாரும் செய்யறதுதான. எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரு வாரம் நீ என் கார்ட அடிச்ச. நம்ம செக்ஷன்ல அடிக்காதவன் யாரு? காலைல ஏழு அடிக்க அஞ்சு நிமிசம் இருக்கறப்ப போனேன், டைம் ஆபீசு வாசல்ல என் கார்டு ஒரு கைல, உன் கார்டு ஒரு கைல. ரெண்டையும் மிஷினுக்குள்ள உட்டேன். டிங், டிங். முடிஞ்சுது.

மத்தியானம் கேட்டண்ட தகராறு. பரந்தாமன் கார மடக்கி, கண்ணாடி ஒடஞ்சு, செக்யூரிட்டி ஒருத்தனுக்கு மண்ட ஒடஞ்சு. போலீசு வந்து, லாத்தி சார்ஜி, மறுநாளே ஸ்ட்ரைக்கு. நீ அந்நேரம் கோயில்ல கொழந்தைக்கு சந்தனம் தடவிக்கினு இருந்த. கம்பெனி ரிக்கார்டுல பாத்தா நீ உள்ள கீற. லிஸ்ட்டுல உன் பேரும் கீது.

கோயில்ல எடுத்த போட்டோவ என்கொயரி ஆபீசர்கிட்டக் காட்டுன. அதுல தேதி இல்லன்னான். மொட்ட அடிச்சவரு வந்து சொன்னாரு, ஒரு நாளைக்கி நூறு மொட்ட அடிக்கிறியே, இவன் கொழந்த மட்டும் எப்பிடிய்யா நாபகம் கீதுன்னு கேட்டு அந்த மனுசன வெரட்டி உட்டான். உம் பொண்டாட்டி சாமுண்டீஸ்வரி சொன்னத எழுதக்கூட இல்ல, அவ உன் ஆளாச்சே. ஒரே கேள்விதான் கேட்டான் என்கொயரில. நீ வரலன்னா உன் கார்ட அடிச்சது யாருன்னு.

நா அந்த ரூமு வெளிய பெஞ்சில குந்திக்கினு இருந்தேன் கன்னியப்பா. ஜன்னலு தெறந்து இருந்துச்சு. உன் குரலு கேட்டுச்சு. தெரியாது சார்ன. ரெண்டாந்தபா கேட்டான், தெரியாது சார்ன. கார்டு அடிச்சவனக் காட்டிக் குடுக்கக் கூடாது, அதான நமக்குள்ள. உன் தலையே போற நேரத்துலயும் நீ சொல்லல. நா எழுந்து உள்ள வந்திருக்கணும். ஒரு கதவுதான். நா கைய மடில வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்.

மத்த ஆறு பேரும் கணக்கு முடிச்சுக்கினு பூட்டாங்க. ஒருத்தன் செத்தே பூட்டான். நீ ஒருத்தன்தான் உடாம கேச நடத்திக்கினு கீற. ஏன்னா நீ செய்யல, அதான். செஞ்சவன் உட்டுட்டுப் போவான், செய்யாதவனால முடியாது.

இன்னா? சொல்லு. வருவியா மாட்டியா, அதான. ஒரு வார்த்தல சொல்லுன்ற.

எனக்கு சர்வீசு இன்னும் ரெண்டு வருஷங்கூட இல்ல. கார்டு அடிச்சேன்னு கோர்ட்டுல சொன்னா அன்னிக்கே என்னத் தூக்கிடுவான், அது டிஸ்மிஸ் கேசு. முப்பது வருஷ வேலைக்கு ஒண்ணும் வராது. அதான் பயம்னு ஊர்ல சொல்லிக்கினு கீறேன். உத்தமன்கிட்டகூட அப்பிடித்தான் சொன்னேன். அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? தோழர், கம்பெனி உங்கள ஏற்கெனவே மண்ணுல போட்டு மிதிச்சிட்டான், இன்னும் ஏன் கஷ்டப்படணும், நீங்க வர வேணாம், நா கன்னியப்பன்கிட்டப் பேசறேன்னாரு. எனக்கோசரம் அந்த ஆளு கண்ணு கலங்கறாரு. அங்கயே அவரு கால்ல உழுந்துடலாம்னு இருந்துச்சு. உழுவல. டீ குடிச்சுட்டு வந்துட்டேன்.

அது பொய்யி கன்னியப்பா. வேல போயிடும்ன்ற பயம் இல்ல. இருந்துச்சு, மொதல்ல. இப்ப இல்ல. எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, ஊடு கூரை போட்டாச்சு, நாகவல்லி இட்லிக் கடை போட்டுக்கினு என்ன வெச்சுக் காப்பாத்துவா. வேல போனாப் போவுதுன்னு எப்பவோ நெனச்சுட்டேன்.

கூண்டுல ஏறினா கம்பெனி வக்கீலு ஒரு பேப்பர எடுப்பான். அதான்.

குந்துய்யா. எழுந்திருக்காத. இத்தன வருஷம் கழிச்சு சொல்றேன், பாதில போவாத. போனா மறுபடி எனக்கு வாய் வராது.

அந்தக் கார் கண்ணாடிய ஒடச்சது நாந்தான். ஆமா. உனக்குத் தெரியாது, நீ அன்னிக்கி இல்லியே. கூட்டத்துல பின்னால நின்னுகினு கல்லு உட்டேன், முன்னாடி போனா தைரியம் எங்க கீது எனக்கு? எவனும் பாக்கலன்னு நெனச்சேன். பரந்தாமன் கார் கண்ணாடி வழியா என்னையே பாத்துக்கினு இருந்திருக்கான். மூணாம் நாளு ஆள் அனுப்சான். ஊட்டுக்கில்ல, கரெக்டா நா ஆவடி மார்க்கெட்டுல கருவாடு வாங்கிக்கினு இருந்தப்ப, ஜீப்புல வந்து ஏறுன்னாங்க. கருவாட்டுப் பையோட போயி அந்த ஏ.சி. ரூம்புல நிக்கறேன். ரூம்பு பூரா நாத்தம். அந்த ஆளு மூக்க மூடல, ஒண்ணும் சொல்லல. குந்துங்க தங்கவேலுன்னான். அது வரைக்கும் என்ன எவனும் ங்க போட்டுக் கூப்ட்டதில்ல அந்தக் கட்டடத்துல.

ஒரு வெள்ளப் பேப்பரு, ஒரு பேனா. எனக்கு ஏழு பேரு வேணும், மேல ஏழுன்னு சொல்லிட்டேன்னான். உன் பேர சேத்து ஏழா, உன் பேர் இல்லாம ஏழா, நீயே சொல்லுன்னான்.

நா யோசிக்கல. அதான் எனக்கு இன்னிக்கும் அசிங்கமா கீது. கொஞ்சம் நேரமாவது யோசிச்சிருக்கலாம். ஒரு நிமிசம் முடியாது சார்னு சொல்லிட்டு அப்பால எழுதியிருக்கலாம். பேனாவ எடுத்தேன், எழுதுனேன். லேத்துலேந்து ரெண்டு பேரு, அசெம்ப்ளிலேந்து மூணு பேரு, ஸ்டோர்ஸ்லேந்து ஒருத்தன். யாரு யாரு கேட்டண்ட சத்தம் போட்டானோ அவன் பேரு. ஆறு எழுதிட்டு நிறுத்திட்டேன்.

தோட்டம்? அது தண்டன இல்லய்யா. நாந்தான் கேட்டேன். நீ பழைய மிஷின்லயே நின்னா அந்த ஏழு பேரு ஊட்டு ஆளுங்களுக்கு சந்தேகம் வரும், உன்ன எங்கனா மாத்தணும், எங்க போடட்டும்னு கேட்டான். தோட்டத்துல போடுங்க சார்னேன். எங்கப்பன் மண்ணு வெட்டுன கூலி, என்ன அங்க போட்டா பாக்கறவனுக்கு அவமானப்படுத்துன மாதிரி இருக்கும், எவனும் சந்தேகப்பட மாட்டான்னேன். உங்க ஆளுங்களுக்கு மண்ணு பழக்கம்னு அவன் சொன்னதா ஊரே சொல்லுதே, அந்த வார்த்தைய அவனுக்கு எடுத்துக் குடுத்ததே நாந்தான். எங்கப்பன அங்க கொண்டாந்து வித்தேன். அவன் சிரிச்சான். நல்ல ஐடியான்னான்.

அப்பால இந்த மால, இந்த மொத டீ. எவன்கிட்ட சொல்றது? நாகவல்லிக்கே தெரியாது. நீதான் மொத ஆளு.

என்ன அடிக்கணும்னா அடி. இங்க எவனும் இல்ல, லஞ்சு டைமு. அடிச்சுட்டுக்கூட மிச்சத்தக் கேளு.

வியாழக்கெழம நா வர மாட்டேன். என்னால அந்தக் கூண்டுல ஏறி உத்தமன் மூஞ்சியப் பாக்க முடியாது, அவ்ளோதான் நா. ஆனா நீ உன் வக்கீல்கிட்ட சொல்லு. அந்தப் பேப்பரு கம்பெனி பைல்ல கீது, அத்தக் கேட்டு வாங்கச் சொல்லு. வந்துச்சுன்னா எழுதுனவன் கையெழுத்த என்னுதோட ஒத்துப் பாக்கச் சொல்லு. இந்தா, இந்த டில்லரு வேல முடிஞ்ச சீட்டுல கையெழுத்து போட்டுத் தரேன், இத்தயே வெச்சு ஒத்துப் பாக்கட்டும். அப்ப என்ன இழுத்துக்கினு போயி நிறுத்துவானுங்க. இழுத்தா வந்துடுவேன். நானா வர மாட்டேன்.

ஏன் உன் பேருன்னுதான கேக்கற.

ஆறு பேரோட நிறுத்திட்டேன்ல. ஏழாவது உன் செக்ஷன்லேந்து வேணும்னான். கிரைண்டிங்லேந்து ஒருத்தன்கூட இல்லன்னா நீதான் குடுத்தன்னு கண்டுபுடிச்சுடுவாங்கன்னான். எனக்கு ஒருத்தன் மூஞ்சியும் வரல. சீக்கிரம் எழுதுய்யா, மீட்டிங்கு கீதுன்னு வாட்ச்சப் பாக்கறான். நீ அன்னிக்கி இல்ல, இல்லாதவன் எப்பிடியும் தப்பிச்சு வந்துடுவான்னு நெனச்சுத்தான் எழுதுனேன்னு எனக்கு நானே சொல்லிக்கினு கீறேன் இத்தன வருஷமா. அதுல கொஞ்சம் நெசமும் இருக்கும். கார்டு அடிச்சது அந்த நேரத்துல நாபகத்துக்கே வரல, டெய்லி செய்யற வேலதான.

ஆனா பேருக்குப் பக்கத்துல டோக்கன் நம்பரும் வேணும்னான். மத்த ஆறு பேருக்கு அவனே ரிஜிஸ்டரப் பொரட்டிப் பாத்துப் போட்டான். செக்ஷன்ல இருவது பேரு, ஒருத்தன் நம்பரும் எனக்குத் தெரியாது. உன்னுது மட்டும் ரிஜிஸ்டரப் பாக்காம நானே எழுதுனேன். முந்நூத்தி நாப்பத்தொண்ணு. எத்தினி தபா அந்தக் கார்டத் தேடி எடுத்து அடிச்சிருப்பேன், கையே எழுதிடுச்சு.